அறுபது ஆமாம், ஆறு கிரெடிட்

என் மகள் பட்டப்படிப்பு படித்த இடம் கண்டி நகரத்தில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்தது. கீழே சேலை விற்றார்கள், மூன்றாம் மாடியில் உளவியல் விற்றார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெரிதாக எழுதி, அதற்குக் கீழே ‘கண்டி நிலையம்’ என்று கூச்சத்தோடு சின்னதாக எழுதியிருந்தார்கள். சனியும் ஞாயிறும் வகுப்பு. மற்ற நாட்களில் என் மகள் கெலிஓயாவில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தாள். அந்தச் சம்பளத்தில்தான் நான்கு வருடமும் அந்தப் படிகளை ஏறினாள்.

நான் கெலிஓயாவில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். ஆணி நிறுப்பேன், குழாய் வெட்டுவேன், தகரம் அளப்பேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. ஆட்களோடு பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கஷ்டம். கடைக்கு வருகிறவர்களோடு முதலாளி பேசுவார், நான் சாமானை எடுத்துக் கொடுப்பேன். வாய் திறக்காதவன் பக்கத்தில் நின்றால் ஆட்கள் அவனைச் சுவர் என்று நினைத்து எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அப்படிச் சுவராக நின்று கேட்டவைதான் இதில் பாதி.

கடைசி வருடத்தில் ‘சுயாதீன ஆய்வு’ என்று ஒன்று இருந்தது. மாணவர் தானாகவே ஒரு விஷயத்தை எடுத்து, தானாகவே ஆராய்ந்து, ஒரு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது. அதற்கு ஆறு கிரெடிட். அந்த ஆறும் சேர்ந்தால்தான் பட்டம் நிறையும். அதிலும் ‘சி’க்குக் கீழே எடுத்தால் ஆறும் கணக்கில் சேராது, இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். பாடசாலை ஆலோசகர் வேலைக்கு விண்ணப்பம் கேட்கப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. பட்டம் இல்லாமல் அந்தக் கடிதத்தை உறையில் போட்டும் பிரயோசனம் இல்லை. மகளுக்கு வயது இருபத்தெட்டு. அவளுக்கு அந்த ஆறு கிரெடிட் எவ்வளவு தேவை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவளிடம் ஒரு விஷயம் தயாராக இருந்தது. பாலர் பாடசாலையில் அம்மா விட்டுவிட்டுப் போன பிறகு பிள்ளைகள் எவ்வளவு நேரம் அழுகிறார்கள், எந்த மொழியில் அழுகிறார்கள், யார் தூக்கினால் நிறுத்துகிறார்கள் என்று இரண்டு வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வந்திருந்தாள். வீட்டில் தமிழும் வெளியே ஒழுங்கையில் சிங்களமும் பேசுகிற பிள்ளை ஒன்று, அம்மாவைத் தேடும்போது தமிழிலும், பக்கத்துப் பிள்ளை கிள்ளினால் சிங்களத்திலும் அழுகிறதாம். அதை வாசித்துக் காட்டியபோது நானும் மனைவியும் சிரித்தோம். நல்ல கொப்பி அது.

அவளுடைய மேற்பார்வையாளரை எல்லாரும் ‘சேர்’ என்பார்கள். அவர் அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்கவே இல்லையாம்.

“நீங்க தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதானே? பிறகு ஏன் இந்த அழுகைக் கணக்கு? தோட்டப் பெண்கள்ட மன அழுத்தத்தைச் செய்யுங்க. இப்ப அதுக்குத்தான் இடம் இருக்கு” என்றாராம்.

விஷயத்தை அவர் கொடுத்தார். வினாக்கொத்தை அவர் கொடுத்தார். அறுபது பேர் என்று எண்ணிக்கையையும் அவரே சொன்னார். பஸ்ஸுக்குக் காசு மட்டும் என் மகள் தானாகவே கொடுத்துக்கொண்டாள். சுயாதீனம் என்பது அவ்வளவுதான்.

அந்த வினாக்கொத்தை நான் வாசித்தேன். எங்கேயோ குளிர் நாட்டில், ஆளுக்கொரு அறை உள்ளவர்களுக்காக எழுதியதை யாரோ அகராதியை வைத்துத் தமிழாக்கியிருந்தார்கள். ‘காரணமின்றிக் களைப்படைகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி. காலையிலிருந்து மலையில் ஏறி இறங்கிக் கொழுந்தைச் சுமந்துகொண்டு வருகிறவளிடம் இதைக் கேட்க வேண்டும். ‘முன்னர் ஈடுபட்ட பொழுதுபோக்குகளில் நாட்டம் குறைந்துள்ளதா?’ ‘உங்களுக்கே உரிய தனிமை நேரம் போதவில்லை என எண்ணுகிறீர்களா?’ ஏழு பேர் படுக்கிற ஒற்றை அறை லயக் காம்பராவில் தனிமை நேரத்தை யார் எங்கே வைத்திருக்கிறார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு கட்டம்: ஒருநாளும் இல்லை, சில நாள், பல நாள், எல்லா நாளும். ஒன்றில் புள்ளடி போட வேண்டும். இதைச் செய்து முடிக்க நான்கு வருடப் படிப்பு தேவையா என்று மனைவி கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து மகளோடு படிக்கும் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் மாத்தளையில் காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிறவர், நாற்பது வயது இருக்கும். மற்றவர் யாழ்ப்பாணத்துப் பெண், கல்யாணம் முடித்துக் கண்டியில் இருக்கிறவர். இருவரும் முன் அறைத் தரையில் தங்கள் வினாக்கொத்துத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

மாத்தளைக்காரரிடம் ஐந்து பேனை இருந்தது. நீலத்தில் பத்துத் தாள், கறுப்பில் பத்துத் தாள், பிறகு சாய்த்து எழுதிப் பத்து என்று அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பதில் சொல்கிற ஆட்களை அவரே பெற்றெடுத்தார்.

“இது யாரு? அம்பத்திரண்டு வயசு, ரிட்டயர் ஆன கிளாக்கர். பாவம், வைஃப் செத்துப் போய்ட்டா. தூக்கம் பல நாள் இல்ல.”

“போன தாளிலயும் மனிசியைச் சாக்காட்டினனீங்கள்தானே” என்றார் யாழ்ப்பாணத்துப் பெண். “இதிலயாவது விடுங்கோ, பாவம்.”

“சரி, இந்த மனுசி உசிரோட இருக்கட்டும். அப்ப தூக்கம் சில நாள்.”

இருவரும் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் என்னைப் பார்த்து, “அங்கிள், நீங்களும் ரெண்டு நிரப்பித் தாங்கோவன். உங்கட கையெழுத்து வேற மாதிரி இருக்குமெல்லோ” என்றார்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். எனக்குக் கோபம் வந்தால் சமையலறைக்குத்தான் போவேன். அங்கிருந்தும் கேட்டது. மாத்தளைக்காரர் என் மகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, நீங்க அறுபது பேர்ட வீட்டுக்குப் போறதுக்குள்ள நாங்க புக் பைண்ட் பண்ணிக் குடுத்திருவோம். சேருக்கு வேண்டியது ரிசல்ட். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு வந்தா, இதுல என்ன இருக்குன்னு தூக்கி எறிஞ்சிருவார். கஷ்டம் காட்டணும். கஷ்டம் இருந்தாத்தான் மார்க்.”

“நான் போயே கேக்கிறேன் அண்ணே” என்றாள் மகள்.

அவர்கள் போன பிறகு வாசலில் அந்தச் சிரிப்பே நின்றதுபோல இருந்தது. இவர்கள் நாளைக்கு ஆலோசகர்களாக வருவார்கள். மனம் உடைந்து வருகிறவன் முன்னால் ஐந்து பேனையோடு உட்காருவார்கள். என் மகள் மட்டும் நேர்மையாகச் செய்கிறாள் என்ற பெருமையில் நான் அடுத்த ஞாயிறு கலஹாவுக்குப் பஸ் ஏறினேன். இதை அவளிடம் சொல்லவில்லை.

கலஹாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். இப்போதும் அண்ணனின் குடும்பம் அங்கேதான். அண்ணன் செத்து ஆறு வருடம். மதினி இன்னும் கொழுந்துக்குப் போகிறாள். அந்தத் தோட்டத்து டிவிசனிலேயே பெரிய வாய் அவளுடையது. சாவு வீட்டிலும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழும்புவாள். மகள் அங்கேதான் ஆய்வுக்குப் போவதாக இருந்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அடுத்த கெழம புள்ள பேப்பர் கொண்டுக்கிட்டு வரும் மதினி. கஷ்டத்த கொஞ்சம் நல்லா சொல்லிவிடுங்க. அவளுக்கு பாஸாகணும்.”

“இதச் சொல்லவா பஸ்ஸேறி வந்தீங்க? கஷ்டத்துக்கா இங்க பஞ்சம்? நீங்க போங்க கொழுந்தனே, நான் பாத்துக்கிறேன்.”

அவள் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் தோட்டங்களில் தாளோடு ஒருவர் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் பிறந்ததிலிருந்து தாளோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுத் திட்டத்துக்கு எழுத வருவார்கள், கூரைத் தகரத்துக்கு எழுத வருவார்கள், கக்கூசுக்கு, ஆட்டுக்குட்டிக்கு, மூக்குக் கண்ணாடிக்கு எழுத வருவார்கள். எழுதுகிறவர் கேட்பதற்கெல்லாம் ‘ஆமாங்க’ என்று சொல்ல வேண்டும். ‘இல்லை’ என்று சொன்னவளின் பேர் பட்டியலில் விழாது. ஒருமுறை ஒரு பெண் கூரை ஒழுகவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். பக்கத்துக் காம்பராவெல்லாம் தகரம் ஏறியது, அவளுக்கு மட்டும் இல்லை. அந்தப் பெண்ணின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்க்கிறார்கள். இதைத் தெரிந்த நான்தான் அங்கே போய் அந்த வார்த்தையைப் போட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு மகள் வகுப்புக்குப் போகாமல் என்னோடு தோட்டத்துக்கு வந்தாள். பிள்ளை மடுவத்து வாசலில் அறுபது பேர் வேண்டிய இடத்தில் எண்பது பேருக்கு மேல் நின்றார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்கிற கட்டிடம் அது. எல்லாரும் தலைவாரி வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டையின் போட்டோ கொப்பி. சிலரிடம் கிராம சேவகரின் கடிதம். ஒரு வயதான அம்மா எப்போதோ வீடு தருவதாக வந்த கடிதத்தை லெமினேட் பண்ணிக் கொண்டுவந்திருந்தார். மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

“பெரியம்மா, இது என்னது? ஐடி எல்லாம் வேணாம். இதால ஒண்ணும் கெடைக்காது. என்னோட படிப்புக்கு மட்டும்தான்.”

“தெரியும்டி” என்றாள் மதினி. “வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதத்தான் சொல்லுவாங்க. நீ எழுது.”

மகள் உள்ளே ஒரு கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டாள். மற்றவர்கள் யன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டார்கள். நான் வாசலில் நின்று பெயர்களை ஒழுங்காக அனுப்பினேன். என் முகத்தில் அன்று பெரிய திருப்தி இருந்திருக்கும்.

“தூக்கம் வர்றதுல கஷ்டம் இருக்காக்கா?”

“எங்கம்மா தூக்கம். எல்லா நாளும் முழிச்சிக்கிட்டுதான் கெடக்கேன்.”

யன்னலில் இருந்து ஒரு குரல்: “ஏண்டி, நேத்து நீ விட்ட கொறட்டையில எங்க நாய் எந்திரிச்சு ஓடுச்சே!”

“வாய மூடு. எழுதுற புள்ளைக்குக் கேட்டுறப் போவுது.”

“பசி எப்புடிக்கா இருக்கு?”

“பசியே இல்லம்மா. எல்லா நாளும்.”

“அப்ப அந்த இடுப்பு காத்தக் குடிச்சா வந்துச்சு?” என்று அதே யன்னல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பதில் சொன்னவளும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்துவிட்டு, கடைசிக் கட்டத்தையே விரலால் தொட்டுக் காட்டினாள்.

மதினியின் முறை வந்தபோது அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வாழ்க்கையில் சந்தோஷம் என்பதையே கண்டதில்லை என்று சொன்னாள். வெளியே வந்து என்னிடம் கண்ணடித்தாள்.

கெலிஓயாவுக்கு வந்து மகள் தாள்களைத் தரையில் விரித்தாள். அறுபது தாளிலும் புள்ளடிகள் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழே கோடு போட்டதுபோல இறங்கின. மாத்தளைக்காரர் பொய்யாகப் பெற்ற ஆட்கள்கூட ஆளுக்கு ஆள் வேறுபட்டார்கள், ஒருவர் தூங்கினார், ஒருவர் தூங்கவில்லை. உயிருள்ள எங்கள் ஆட்கள் அறுபது பேரும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

“அப்பா, அங்க போய் நீங்க ஏதாவது சொன்னீங்களா?”

நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். “நான் என்னத்த சொல்ல” என்றேன்.

சேர் அந்தத் தாள்களைப் பார்த்துக் குதித்தாராம். பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு தரவைக் கண்டதில்லை என்றாராம். இதை ஒரு மாநாட்டில் வாசிக்கலாம், தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம், ‘ஏ’ நிச்சயம் என்று சொல்லி, எல்லாத் தாளையும் அங்கேயே போட்டோ கொப்பி எடுத்து வைத்துக்கொண்டாராம். மகள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ‘ஏ’ கிடைக்கப் போகிற பிள்ளையின் முகம் அப்படி இருக்காது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் செருப்பு மாட்டும்போது, கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“நான்தான் மதினிக்கிட்ட சொன்னேன். கஷ்டத்த நல்லா சொல்லச் சொல்லி.”

அவள் கத்தவில்லை. “நீங்களுமாப்பா?” என்றாள். அவ்வளவுதான். பாலர் பாடசாலைக்குப் போய்விட்டாள். ஐந்து பேனைக்காரரையும் என்னையும் அவள் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. அவர் எங்கள் முன் அறையில் உட்கார்ந்து இல்லாத ஆட்களைப் பொய் சொல்ல வைத்தார். நான் பஸ் பிடித்துப் போய்ச் செய்தேன்.

அடுத்த சனி அவள் சேரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. “உங்க அப்பா ஒரு வார்த்தை சொன்னா முழுச் சனமும் அப்படியே சொல்லுமா? வேணுமெண்டா அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, கேப்பம்” என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். என் மகள் விளையாட்டாக எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் நான் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு அந்த மூன்று மாடியையும் ஏறினேன்.

சேரின் அறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் பெரிய படம். படத்தில் சேர் தேயிலைக்குள் நிற்கிறார். முதுகில் கொழுந்துக் கூடை, கயிறு நெற்றியில். கூடை வெறுமையாக இருந்தது. கூடை வெறுமையாக இருந்தால் கயிறு அப்படி இழுபடாது, ஒரு கையால் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இருங்க ஐயா, இருங்க. ஐயாவும் தோட்டத்துலதானே பிறந்தது? பார்த்தாலே தெரியுது” என்றார். என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை. “மகள் ஒரு கதை சொல்றா. நீங்க போய்ச் சொன்னதாலதான் எல்லாரும் அப்படிச் சொன்னாங்களாம்.”

நான் தலையை ஆட்டினேன்.

“அது ஒரு பிரச்சினையே இல்ல ஐயா. நான் இந்த மக்களைப் பன்னிரண்டு வருஷமா ஆராயிறேன். அவங்களுக்குத் தங்கட கஷ்டத்தைத் தாங்களே சொல்லத் தெரியாது. நீங்க சொன்னதால வாய் திறந்திருக்காங்க. நல்லதுதானே?”

பன்னிரண்டு வருடம் ஆராய்ந்தவருக்கு மதினியின் வாயைத் தெரியவில்லை. படத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சொன்னேன்.

“அவங்க தகரம் கெடைக்கும்னு சொன்னாங்க சேர். ஐடி கொப்பியோட வந்தாங்க.”

“அருமை!” என்று மேசையில் தட்டினார். “தகரத்துக்காகப் பொய் சொல்ற நிலைமை. அதுவும் ஒரு மன அழுத்தம்தானே?”

பூட்டுக் கடையில் எல்லாப் பூட்டுக்கும் போகிற ஒரு சாவி உண்டு. இந்த மனிதரின் படிப்பு அப்படி. எதைச் சொன்னாலும் திறந்துகொள்ளும், உள்ளே எப்போதும் அவருக்கு வேண்டியதே இருக்கும்.

“நான் திரும்பக் கேக்கப் போறேன் சேர்” என்றாள் மகள். “இத நான் குடுக்க மாட்டேன்.”

சேரின் சிரிப்பு போய்விட்டது. “உங்க இஷ்டம். அறிக்கை குடுக்க ஒரு மாசம், நாலு கிழமைதான் இருக்கு. ‘சி’ வராட்டி இந்த ஆறு கிரெடிட்டும் இல்ல. தெரியும்தானே?” பிறகு என்னைப் பார்த்து, “ஐயா, பத்து நிமிஷம் இருந்தீங்கண்டா உங்களையே ஒரு இன்டவியூ பண்ணியிருக்கலாம்” என்றார். நான் எழும்பிவிட்டேன்.

அந்த நான்கு கிழமையும் என்னை அவள் கலஹாப் பக்கம் போக விடவில்லை. அவளே தனியாகப் போனாள். கையில் தாள் இல்லாமல் போய், காம்பரா காம்பராவாக ஏறி இறங்கி, முதலில் சொன்னது எதற்கும் தகரமும் வராது, வீடும் வராது, அப்பா சொன்னது பிழை என்று சொன்னாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மதினி போனில் சொன்னாள்.

“ஏன் கொழுந்தனே, அன்னைக்கி எங்கள ஐடி கொப்பியோட வெயில்ல நிக்க வச்சுட்டு, இப்ப ஒண்ணும் இல்லேன்னு ஒங்க மக வீடு வீடாப் போய் சொல்லுது. கொப்பி எடுத்த காச நீங்க குடுக்கிறீங்களா?”

“அது உண்மையத்தான் சொல்லுது மதினி.”

“உண்மைய மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? நான் சந்தோஷத்தையே கண்டதில்லன்னு எழுதிட்டுப் போயிட்டீங்க. நாளைக்கி எவனாவது படிச்சுட்டு என்னயப் பாவம்னு பாப்பான்.”

பெரும்பாலானவர்கள் மகளைக் கதவோடு அனுப்பிவிட்டார்கள். ஒன்பது பேர் மட்டும் பேசினார்கள். தாள் இல்லை, கட்டம் இல்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதினாள். மதினி கடைசியாக, கோபம் தீராமலே, இரண்டு மணித்தியாலம் பேசினாளாம். அண்ணன் செத்த பிறகு அடுப்புப் பற்ற வைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் கை ஓடாது, அதற்காகத்தான் அடுத்த காம்பராக்காரியைக் கூப்பிட்டு வம்பளந்துகொண்டே பற்ற வைப்பதாகச் சொன்னாளாம். ஆறு வருடமாக அந்தச் சிரிப்பைக் கேட்ட எனக்கு இது தெரியாது.

அறிக்கையில் ஒரு பக்கம், ஆய்வில் நடந்த குறைகளை எழுதுவதற்கு. அதில் அவள் இப்படி எழுதியிருந்தாள்: முதல் முறை எடுத்த அறுபது பதில்களும் விலக்கப்பட்டன, ஏனென்றால் ஆய்வாளரின் நெருங்கிய உறவினர் ஒருவர் முன்கூட்டியே அங்கு சென்று, கஷ்டத்தை மிகுதியாகச் சொல்லும்படி கேட்டிருந்தார், அதை ஆய்வாளர் தடுத்திருக்க வேண்டும்.

சேர் அந்தப் பந்திக்கு மேல் சிவப்புப் பேனையால் குறுக்காகக் கோடு போட்டு, ‘தேவையற்றது, நீக்கவும்’ என்று எழுதி அனுப்பினார். காரணம் சிறு பிள்ளைக்கும் விளங்கும். அந்த அறுபதையும் அவர் அதற்குள் மாநாட்டுக்கு அனுப்பியிருந்தார். நீக்கினால் மார்க் நன்றாக வரும், நீக்காவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று போனிலும் சொன்னாராம்.

வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் நீக்கச் சொன்னேன்.

“ஒரு பந்திதானே புள்ள. எடுத்துட்டுக் குடு. பட்டம் வரட்டும்.”

“அப்ப நான் அந்த அண்ணனோட அஞ்சு பேனைய வாங்கி வீட்டுலயே நிரப்பியிருக்கலாமேப்பா. பஸ் காசாவது மிஞ்சியிருக்கும்.”

“என்னய நெனச்சு எழுதுறியா?”

“உங்க பேர் அதுல இல்லையே.”

நீக்காமலே பைண்ட் பண்ணிக் கொடுத்தாள்.

முடிவு வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் சேர் கண்டியில் ஒரு ஹோட்டலில் அறுபது பெண்களையும் வாசித்துவிட்டார். படம் மகளின் போனுக்கும் வந்தது. ஆட்கள் கோட் போட்டுக்கொண்டு முகத்தைச் சோகமாக வைத்துக் கேட்கிறார்கள், பின்னால் சாப்பாட்டு மேசை தெரிகிறது. அதைக் கேட்டு மனம் இரங்கிய ஏதோ ஒரு அமைப்பு அந்த டிவிசனுக்கே போய் இரண்டு நாள் பயிற்சி வைத்தது. மதினி போன் எடுத்தாள்.

“கொழுந்தனே, வந்தாங்க. பாய விரிச்சு எங்களப் படுக்க வச்சாங்க. மூச்ச மெதுவா இழுத்து மெதுவா விடச் சொன்னாங்க. ரெண்டு நாளும் அதேதான். சோத்துப் பார்சல் நல்லா இருந்துச்சு.”

“வேற ஒண்ணும் குடுக்கலயா?”

“ஒரு தொப்பி குடுத்தாங்க. கவ்வாத்து மலையில வெயிலுக்குப் போட்டுக்கலாம்.”

இப்போதும் அந்த லயத்தில் யாராவது கோபப்பட்டால், ‘மெதுவா இழுத்து மெதுவா விடு’ என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். அறுபது பேர் சொன்ன ஆமாமுக்கு உலகம் கொடுத்த பதில் அதுதான்.

மாத்தளைக்காரருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் ‘ஏ’. அது முதல் நாளே வந்துவிட்டது. என் மகளின் முடிவை மட்டும் இன்னொரு பரீட்சகருக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். ஆலோசகர் வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. மனைவி அந்தப் படிவத்தை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். நான் கடையில் எட்டடி கேட்டவருக்கு ஆறடித் தகரம் வெட்டி முதலாளியிடம் பேச்சு வாங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து முதலாளி கடைக்கு வந்த நேரம், ஏழெட்டுப் பேர் சாமானுக்கு நின்றார்கள். மகள் பாலர் பாடசாலையிலிருந்து நேரே கடைக்குள் வந்தாள். அவள் கடைக்கு வருகிற பிள்ளை இல்லை.

“அப்பா, வந்துருச்சு. ‘சி’.”

ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தட்டை நான் கீழே வைத்தேன். ஆறு கிரெடிட்டும் சேர்ந்துவிட்டது. ஒரு படி குறைந்திருந்தால் ஒன்றுமே இல்லை.

“என்ன, மகள்ட ரிசல்ட்டா?” என்று முதலாளி கேட்டார். “‘சி’ எண்டா நல்லமா, மோசமா?”

மகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் பேசினேன். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நல்லம் மொதலாளி. ‘ஏ’ வந்திருக்கும். நான் ஒரு களவு வேல பாத்துட்டேன். அத அவ ஒளிக்காம புத்தகத்துல எழுதினா. எடுக்கச் சொன்னாங்க, நானும் சொன்னேன். எடுக்கல. அதாலதான் ‘சி’.”

ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். என்ன களவு என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலாளி தாடியைத் தடவினார்.

“அப்ப பாஸ்தானே?”

“பாஸ்தான் நானா” என்றாள் மகள் முதலாளியிடம்.

“அல்ஹம்துலில்லாஹ். அந்த மனுசனுக்கு ரெண்டு இஞ்சி ஆணி ஒரு கிலோ போடுங்க, எவ்வளவு நேரமா நிக்கிறார்.”

நான் தட்டை எடுத்தேன். மகள் வெளியே போய்ப் பேராதனை வழியாகக் கண்டி போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினாள். அலுமாரியிலிருந்து காலையிலேயே எடுத்து வந்த விண்ணப்பத்தை இன்றைக்கே கண்டித் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போடப் போவதாகச் சொன்னாள்.